நீலக்கல்லும் ஒரு மௌனமும்

ஜெய்ப்பூரின் ஜோஹரி பஜாரில் அனுபவமுள்ள வியாபாரிகள் நீலக்கல்லைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். மஞ்சள் விளக்கின் கீழ் நீலம் கறுத்துப் போகும். நல்ல கல்லும் அங்கே மட்டமாகத் தெரியும். அதனால் கடையின் உட்புறம் எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும், விலை பேசும் நேரத்தில் கல் வாசலை நோக்கியோ ஜன்னலை நோக்கியோ நகர்ந்துவிடும். 'ஜோஹரி' என்ற சொல்லுக்கே ரத்தினத்தின் தரம் அறிந்தவர் என்று பொருள். விற்பவர் என்பதும் அதன் பொருளே.

அத்தகைய கடை ஒன்றில் நடக்கக்கூடிய ஒரு காட்சியை மனத்தில் கொண்டுவந்து பார்ப்போம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வருகிறார். கைப்பையிலிருந்து ஒரு பழைய மோதிரத்தை எடுத்து வைக்கிறார். பாட்டிக்குத் தாத்தா அணிவித்த மோதிரம். 1930-களில் கல்கத்தாவில் வாங்கியது. 'காஷ்மீர் நீலம்' என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தங்கம் தேய்ந்துவிட்டது. கல்லை மட்டும் எடுத்து, இக்காலத்துக்கு ஏற்ற புதிய மோதிரத்தில் பதித்துத் தரவேண்டும். அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம்.

கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்துக் கல்லைத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளே மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து செல்கின்றன. ஓரிடத்தில் குண்டூசி முனையளவு காற்றுக்குமிழி ஒன்றும் தெரிகிறது. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கல் எந்த மலையிலிருந்தும் வரவில்லை. உலையிலிருந்து வந்தது.

அவர் அதைச் சொல்லவேண்டுமா?

அவரிடம் கல்லின் மதிப்பை யாரும் கேட்கவில்லை. அவர் அதை விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. செய்கூலியும் தங்கத்தின் விலையும் மட்டுமே அவருடைய கணக்கு. பேசாமல் இருந்தால் எவருக்கும் ஒரு காசுகூட நஷ்டமில்லை; ஒரு குடும்பத்தின் இனிய நினைவும் கலையாமல் இருக்கும். பேசினால் ஒரு திருமண வீட்டில் கண்ணீர் வரலாம். 'பொய் சொல்லாதே' என்ற கட்டளையை அவர் எங்கும் மீறவில்லை. ஆயினும் லென்ஸை இறக்கி வைக்கும் அந்தக் கணத்தில் அவர் மனம் ஏன் தயங்குகிறது? அற ஆராய்ச்சியில் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று இந்தத் தயக்கத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் கல்லைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. மாணிக்கமும் நீலமும் ஒரே குடும்பம். இரண்டும் அலுமினிய ஆக்ஸைடின் படிகங்கள். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இந்தக் கனிமத்துக்கு அறிவியல் உலகம் வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயர் 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதாகவே அகராதிகள் குறிக்கின்றன. பூமிக்கடியில் நீண்ட நெடுங்காலம் வளரும்போது இதன் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் அமைகின்றன. நுண்ணிய ஊசிகளைப் போன்ற மற்றொரு கனிமம் உள்ளே படிந்து, பட்டு நூலைப்போல் மின்னுவதும் உண்டு.

1902-ஆம் ஆண்டு அகஸ்தே வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலார், அலுமினிய ஆக்ஸைடுத் தூளைச் சுடரின் வழியே உருக்கிச் சொட்டச் சொட்ட வளர்த்து மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அதே முறையில் நீலமும் வந்தது. சுடரில் வளரும் கல்லின் கோடுகள் வளைந்திருக்கும். அதன் அடையாளம் அதுவே. இப்படிச் செய்த கற்கள் 1920-களிலும் 30-களிலும் ஐரோப்பாவில் செய்த நேர்த்தியான நகைகளில்கூடத் தாராளமாகப் பதிக்கப்பட்டன. எனவே 'பழைய நகை, ஆகவே அசல் கல்' என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நூறு வயதான செயற்கைக் கற்கள் எத்தனையோ பெட்டிகளில் பட்டுத்துணியில் சுற்றப்பட்டு உறங்குகின்றன.

புதிய நகைகளின் நிலை வேறு வகையில் சிக்கலானது. இலங்கையில் 'கேவுடா' என்று சொல்லும் பால்நிறக் கற்கள் ஒருகாலத்தில் மதிப்பற்றவை. 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1,600 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்டு, அழகிய நீலமாக மாற்றினார்கள். இன்று சந்தைக்கு வரும் நீலக்கற்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் சுடப்பட்டவையே. சுட்டது பாவமல்ல, பொன்னையும்தான் நெருப்பில் இடுகிறோம். அதன் நிறமும் நிலைத்து நிற்கிறது. ஆனால் அதே நிறமும் தெளிவும் உள்ள சுடாத கல் அதைவிடப் பல மடங்கு விலை பெறுகிறது. இவற்றோடு, பெரிலியத்தை உள்ளே ஊடுருவச் செய்து நிறம் மாற்றியவை, கோபால்ட் கலந்த கண்ணாடியால் விரிசல் நிரப்பியவை என்று மேலும் பல உண்டு. கண்ணாடி நிரப்பிய கல் எலுமிச்சைச் சாற்றில் பட்டால்கூடக் கெடக்கூடும். சமையலறையில் வேலை செய்யும் பெண்மணிக்கு இதைச் சொல்லாமல் விற்பது என்ன நியாயம்?

இங்கே ஒரு வாதம் எழுகிறது. படித்தவர்கள் பலரும் எழுப்புவதால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. உலையில் வளர்ந்த நீலமும் மண்ணில் வளர்ந்த நீலமும் ஒரே பொருள். ஒரே கடினம், ஒரே ஒளி. வெறும் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. தெரியாத வேறுபாட்டுக்கு விலை கொடுப்பது மூடத்தனமல்லவா? அப்படியானால் அதை மறைப்பதில் என்ன குற்றம்?

திருப்பதி லட்டை எடுத்துக்கொள்வோம். அதே கடலை மாவு, அதே நெய், அதே முந்திரி, அதே கைப்பக்குவத்துடன் ஒருவர் தம் வீட்டில் லட்டு செய்கிறார். நாக்குக்கு வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதை 'என் வீட்டு லட்டு' என்று கொடுத்தால் மகிழ்ச்சியோடு உண்ணலாம். 'பெருமாள் பிரசாதம்' என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவரை அவர் ஏமாற்றிவிட்டார். ருசியில் குறைவில்லை என்பது அங்கே பதிலாகாது. ஏனென்றால் வாங்கியவர் கேட்டது ருசியை அல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதை. பொருளின் வரலாறும் அந்தப் பொருளைச் சேர்ந்ததே. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடுவதில்லை.

இங்கிலாந்து இளவரசி டயானாவுக்கு 1981-இல் நிச்சயதார்த்தத்துக்கு அணிவித்த 12 காரட் இலங்கை நீலக்கல் மோதிரம், 2010-இல் அவருடைய மகன் வழியே அடுத்த தலைமுறைக்குச் சென்றது. அந்த மோதிரத்தின் நகல்கள் உலகெங்கும் கடைகளில் விற்றன. நகல் என்று சொல்லி விற்றவரையில் யாரும் புண்படவில்லை. ஒரு சிறுமி அதை அணிந்து மகிழ்ந்தால் அந்த மகிழ்ச்சியும் உண்மையானதே. செயற்கைக் கல் பொய்யான கல் அல்ல. பொய் என்பது கல்லில் இருப்பதில்லை. இரண்டு மனிதர்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

அப்படியானால் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில் இதையே விவாதிக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வணிகர் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்துடன் வருகிறார். தமக்குப் பின்னால் வேறு பல தானியக் கப்பல்களும் வந்துகொண்டிருப்பதை அவர் அறிவார். தீவு மக்கள் அறியமாட்டார்கள். அதைச் சொன்னால் விலை விழும். அவர் சொல்லவேண்டுமா? ஸ்டோயிக் தத்துவவாதியான டயோஜனிஸ், "சட்டம் சொல்லச் சொன்ன குறைகளைச் சொன்னால் போதும், மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு" என்ற நிலையை எடுக்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார்: மனிதர் யாவரும் ஒரே சமுதாயம், பிறர் நலம் என் நலமே, ஆகையால் வாங்குபவர் அறியவேண்டிய எதையும் விற்பவர் தமக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. சிசரோ மாணவரின் பக்கமே சாய்கிறார். ஆனால் ஆசிரியரின் வாதத்துக்கும் முழு இடம் கொடுத்த பிறகே சாய்கிறார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

நம் நாட்டுச் சட்டம் இதைக் கையாளும் விதம் இன்னும் நுட்பமானது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், வெறும் மௌனம் மோசடியாகாது என்று பொது விதி வைக்கிறது. உடனே இரண்டு விலக்குகளையும் சொல்கிறது: பேசவேண்டிய கடமை இருக்கும் சூழ்நிலை ஒன்று, மௌனமே பேச்சுக்குச் சமமாகிவிடும் சூழ்நிலை மற்றொன்று. விளக்கத்துக்குக் குதிரை வியாபார உதாரணங்களைத் தருகிறது. ஏலத்தில் நோயுள்ள குதிரையை விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடியல்ல. ஆனால் வாங்குபவள், அப்போதுதான் சட்டப்படி வயது வந்த அவருடைய சொந்த மகளாக இருந்தால், குதிரையின் நோயைச் சொல்வது அவருடைய கடமையாகிறது.

வறண்ட சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு மகள் வந்து நிற்பது வியப்புதான். குதிரை அதேதான், நோயும் அதேதான், மாறியது உறவு மட்டுமே. உறவு நெருங்க நெருங்க மௌனத்தின் உரிமை குறைகிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. சட்டத்தால் அதற்கு மேல் போக இயலாது. எல்லாரையும் மகளாகப் பார் என்று அது எவருக்கும் ஆணையிட முடியாது. சட்டம் நின்றுவிட்ட இடத்திலிருந்து நடக்கத் தொடங்குவதையே நம் முன்னோர் தர்மம் என்றார்கள். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்ற தவசி வருகிறார். சடையில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் அளவுக்கு அசையாமல் நின்று தவம் செய்தவர். அவர் தம் தவத்தைப் பற்றிப் பெருமை கொண்டபோது, காசியில் கடை வைத்திருக்கும் துலாதாரன் என்ற வணிகனிடம் சென்று தர்மம் கற்கும்படி அசரீரி சொன்னது. துலாதாரன் காட்டிற்குச் சென்றவனல்லன். மூலிகையும் வாசனைப் பொருள்களும் விற்றவன். எல்லா உயிர்களுக்கும் தான் நண்பன் என்பதும், தன் தராசு எவருக்கும் சமமாகவே நிற்கிறது என்பதுமே அவனுடைய உபதேசம். இந்த இரண்டும் தனித்தனிச் செய்திகள் அல்ல. நண்பனாக இருப்பதால்தான் தராசு சாய்வதில்லை.

இவ்விடத்தில் நடைமுறை அறிந்தவர்கள் சிரிக்கக்கூடும். ரத்தினச் சந்தையின் பழைய வழக்கமே மௌனம்தான். இரண்டு வணிகர்கள் கைகுலுக்குவதுபோல் கைகளைப் பற்றி, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, விரல்களை அழுத்தியே விலை பேசி முடித்துவிடுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி இதை வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் துணிக்கு அடியில் இருப்பவர்கள் இருவருமே கல் அறிந்தவர்கள். அங்கே மறைக்கப்படுவது விலை; குணம் அல்ல. லென்ஸ் பிடிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் இடையிலான மௌனம் முற்றிலும் வேறு சாதி.

கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் அது விடுவதில்லை. அதிகம் அறிந்தவர் வாங்குபவராக இருந்தால்? பழைய நகைகளைத் தேடி வாங்குவோரிடையே ஓர் ஆசை மறைந்து கிடக்கிறது: விற்பவர் அறியாத ஒன்றைத் தாம் அறிந்து, அற்ப விலைக்கு அள்ளிக்கொண்டு வருவது. அதை 'அதிர்ஷ்டம்' என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். 1885-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பெண்மணி தாம் கண்டெடுத்த சிறு கல்லை ஒரு நகைக்கடையில் 1 டாலருக்கு விற்றார். அது பட்டை தீட்டாத வைரம். மதிப்பு ஏறத்தாழ 700 டாலர். விற்ற நேரத்தில் இருவருக்குமே அது தெரியாது. ஆகையால் விற்பனை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பின் ஆதாரமே 'இருவருக்கும் தெரியாது' என்பதுதான். வாங்கியவருக்குத் தெரிந்திருந்தால்?

அதற்கும் சிசரோவின் நூலில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்கேவோலா என்ற ரோமானியச் சட்ட அறிஞர் ஒரு நிலத்தை வாங்கச் சென்றார். ஒரே விலையாகச் சொல்லும்படி கேட்டார், விற்பவர் சொன்னார். "இது அதைவிட அதிகம் பெறும்" என்று கூறி, கேட்ட விலைக்கு மேல் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களைக் கூடுதலாகக் கொடுத்தார் ஸ்கேவோலா. நல்லவர்தான், ஆனால் புத்திசாலியல்ல என்று அன்றும் சிலர் சொன்னார்களாம். நல்லதும் புத்திசாலித்தனமும் இரண்டு வெவ்வேறு திசைகள் என்று எண்ணுவதையே சிசரோ நோயின் வேர் என்கிறார்.

பழைய நகை எப்படிச் சந்தைக்கு வருகிறது என்பதை வாங்குபவர்கள் அதிகம் நினைப்பதில்லை. பெரும்பாலும் ஒரு மரணத்துக்குப் பின், அல்லது ஒரு கடனுக்கு முன், அது வருகிறது. மருத்துவமனைச் செலவுக்காக மாங்கல்யம் தவிர எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பவருக்குப் பேரம் பேசும் தெம்பு இருக்காது. தங்கத்தை எடைபோட்டு, கல்லைப் பெயர்த்து, 'கல்லுக்கு விலை கிடையாது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது பல கடைகளில் வழக்கம். சில சமயம் அது உண்மை. சில சமயம் அந்தக் கல்தான் நகையிலேயே விலையுயர்ந்தது. 1881-ஆம் ஆண்டு வாக்கில் காஷ்மீரின் பாடர் பகுதியில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், ஒரு நிலச்சரிவு நீலக்கற்களை வெளிக்கொணர்ந்தது. மலைவாசிகளுக்கு அவற்றின் மதிப்பு தெரியவில்லை. முதலில் வந்த வணிகர்கள் மிக அற்பமான விலைக்கு அவற்றைப் பெற்றுச் சென்றனர். பிறகு மகாராஜாவின் காவல் வந்தது; 1887-க்குள் முக்கியமான படிவு தீர்ந்தும் போயிற்று. அந்தச் சில ஆண்டுகளின் கற்களே இன்று 'காஷ்மீர் நீலம்' என்று உலகம் கொண்டாடுபவை. 27.68 காரட் எடையுள்ள ஒன்று 2015-இல் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 67 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. மலையில் குனிந்து அவற்றைப் பொறுக்கிய கைகளுக்கு இதில் என்ன கிடைத்தது என்று எந்த ஏலப் பட்டியலும் குறிப்பதில்லை.

நீலக்கல்லுக்கே உரிய இன்னொரு விஷயம் அச்சம். சனிக்கு உரியது என்று சொல்லி, இதை அணிந்தால் உயர்வு அல்லது அழிவு என்று மக்கள் நம்புகிறார்கள். சில நாட்கள் தலையணைக்கு அடியில் வைத்துச் சோதித்த பிறகே அணிகிறார்கள். பழைய நீலக்கல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முன்பு அணிந்தவரின் துன்பம் கல்லோடு வரும் என்பார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லி ஊதா நீலக்கல்' என்ற பெயரில் ஒரு கல் இருக்கிறது. 1857-இல் கான்பூர் இந்திரன் கோயிலிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்துச் சென்றதென்றும், வைத்திருந்தவரையெல்லாம் அது வாட்டியதென்றும், அதன் கடைசி உரிமையாளரான எட்வர்ட் ஹெரான்-ஆலன் ஒரு கடிதம் எழுதி வைத்தார். கால்வாயில் எறிந்தும் அது தம்மிடமே திரும்பி வந்ததாக எழுதினார். அந்தக் கல் நீலமே அல்ல, செவ்வந்திக்கல். அதோடு, அவரே 1921-இல் புனைபெயரில் 'ஊதா நீலக்கல்' என்ற தலைப்பில் ஒரு சிறுகதையும் வெளியிட்டிருந்தார். கதைக்கு வலுவூட்டவே கடிதத்தை எழுதினார் என்று பலரும் கருதுகின்றனர். அச்சம் கல்லின் ஜாதியைக்கூட விசாரிப்பதில்லை.

சோதிடம் உண்மையா என்ற விவாதம் இங்கே தேவையில்லை. அந்த நம்பிக்கை கடையில் எப்படிப் பயன்படுகிறது என்பதே கேள்வி. வேலை இழந்தவர், குழந்தையின் நோயால் உறக்கமிழந்தவர், வழக்கில் சிக்கியவர் ஆகியோரே பெரும்பாலும் நீலம் தேடி வருகிறார்கள். கடன் வாங்கி வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் "இதைவிடப் பெரிய கல் போட்டால்தான் பலன்" என்று சொல்லும் நாவுக்கு என்ன பெயர் வைப்பது? எதிர்ப்புறத்திலும் இதே ஆயுதம் இருக்கிறது. வறுமையால் பாட்டியின் நீலத்தை விற்க வருபவரிடம், "பழைய நீலம், யார் வாங்குவார்கள்?" என்று முகத்தைச் சுளித்து விலையைப் பாதியாக்குவார்கள். அவரை அனுப்பிவிட்டு அதே கல்லை மெருகேற்றி, 'புதிது' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். விற்கும்போது அச்சம், வாங்கும்போதும் அச்சம். லாபம் மட்டும் ஒரே பக்கம்.

வாங்குபவருக்கும் கடமை இருக்கிறது. பில்லில் 'நீலக்கல்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. இயற்கையா செயற்கையா, சுட்டதா சுடாததா என்று எழுதித் தரும்படி கேட்கவேண்டும். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே. கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்லுக்குத் தனியே பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. எந்த நாட்டில் விளைந்த கல் என்பதைச் சொல்லும்போது அந்தக் கூடங்களே அதைத் தங்கள் கருத்தாகத்தான் தெரிவிக்கின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் குதிரை உதாரணங்களில் மற்றொன்று இங்கே உதவும். "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சாகிவிடுகிறது. கேள்வி கேட்பதால் வாங்குபவர் விற்பவரை அவமதிப்பதில்லை. அவருடைய மௌனத்துக்கு ஒரு பொருளைக் கொடுக்கிறார்.

இனி ஜோஹரி பஜார் கடைக்குத் திரும்புவோம்.

கடைக்காரருக்குத் தம் நலனும் நினைவுக்கு வராமல் இல்லை. இன்று சொல்லாமல் பதித்துக் கொடுத்தால், நாளை வேறொரு கடையில் உண்மை தெரியும்போது, "ஜெய்ப்பூர்க்காரர் கல்லை மாற்றிவிட்டார்" என்ற பழி அவர்மேல்தான் விழும். ஆகவே சொல்லிவிடுவது அவருக்கே பாதுகாப்பு. தத்துவஞானி கான்ட் 1785-இல் எழுதிய நூலில், வியாபாரம் கெடாதிருக்கச் சரியான விலை சொல்லும் கடைக்காரரைக் காட்டி, அவர் செயல் சரி, ஆனால் அது கடமையின் பொருட்டுச் செய்ததல்ல என்பார். அந்த அளவுகோல் மிகக் கடுமையானது. பாதுகாப்புக்காக மட்டும் சொல்பவருக்கும், எதிரில் நிற்பவருக்காகச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாடு, சொல்வதில் தெரியாமல் போகலாம். சொல்லும் விதத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும். முன்னவர் அவசரப்படுவார், சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்.

இவர் அவசரப்படவில்லை. வேலையாளை அழைத்துத் தேநீர் கொண்டுவரச் சொல்கிறார். மோதிரத்தைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பெண்மணியின் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். லென்ஸையும் கொடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துச் செல்கிறார்.

"பஹன்ஜி, நான் ஒன்று பார்த்தேன். நீங்களும் பார்க்கவேண்டும். உள்ளே கோடு தெரிகிறதா?"

வெகுநேரம் தேடிய பிறகு அவருக்குத் தெரிகிறது. "தெரிகிறது, பாயி சாஹப். கிராமபோன் தட்டின் கோடுபோல் வளைந்திருக்கிறது."

"மண்ணில் விளைந்த கல்லில் கோடு வளையாது."

பெண்மணி லென்ஸை இறக்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு, "தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு லென்ஸில் விடை இல்லை. அன்று கல்கத்தாவில் யாரோ ஒருவர் வாய் மூடி இருந்ததால் தாத்தா ஏமாந்திருக்கலாம். அல்லது தம்மால் இயன்றதைத் தெரிந்தே வாங்கி, பாட்டியின் மகிழ்ச்சிக்காகக் 'காஷ்மீர்' என்ற பெயரைத் தாமே சூட்டியிருக்கலாம். கடைக்காரர் இதமான பதிலையே தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனால், "எனக்குத் தெரியாது, பஹன்ஜி" என்று மட்டும் சொல்கிறார். சற்றுப் பொறுத்து, இந்தக் கல்லே வேண்டுமா, வேறு கல் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

இதே கல்தான் வேண்டும் என்கிறார் அவர். பாட்டி நாற்பது ஆண்டுகள் கழற்றாமல் அணிந்த கல். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரசீது எழுதும்போது அவர் குரல் தாழ்கிறது: "அதில் எதுவும் எழுதவேண்டாமே. சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டால்..."

கடைக்காரரின் பேனா நிற்கிறது. இப்போது மௌனம் அவருடையது மட்டுமல்ல, கேட்பவருடையதும்கூட. இந்த மோதிரம் மகளிடம் போகும். மகளிடமிருந்து அவள் மகளிடம் போகும். என்றோ ஒருநாள் கஷ்டம் வந்து, யாரோ ஒருத்தி இதைக் 'காஷ்மீர் நீலம்' என்று நம்பி ஒரு கடை வாசலில் நிற்பாள். இன்று இந்தக் கடையில் இல்லாத அவளுக்காகப் பேசவும் ஒருவர் வேண்டும்.

"ரசீதில் எழுதவில்லை, பஹன்ஜி. அதில் கூலியும் தங்கமும் மட்டும் இருக்கட்டும். ஆனால் ஒரு சீட்டில் தனியே எழுதித் தருகிறேன். அதை யாரிடம், எப்போது காட்டுவது என்பது உங்கள் விருப்பம்."

சின்னஞ்சிறு தாளில் அவர் எழுதுகிறார்: கல்லின் எடை, நிறம், 'செயற்கை நீலம், பழைய பிரெஞ்சு முறை', தேதி, கையொப்பம். பெண்மணி அதை இரண்டு முறை படிக்கிறார். மடித்துக் கைப்பையில் வைக்கப் போனவர், நிறுத்தி, நகைப்பெட்டியின் வெல்வெட்டைச் சற்று உயர்த்தி அதன் அடியில் வைக்கிறார். பிறகு, மோதிரம் என்றைக்குத் தயாராகும் என்று கேட்கிறார்.